தங்கச்சி தந்த குளிசை

என் இதயத்தின் முன்பக்கச் சுவர் இப்போது அசைவதில்லை. ஸ்கான் செய்த டொக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்றப் பக்கங்கள் சுருங்கி விரிந்துகொண்டிருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கிடந்தது. வேலை செய்த காலம் முழுக்க வகுப்பில் இதயத்தின் படத்தைச் சிவப்பு, நீலச் சோக்கால் கீறியிருக்கிறேன். என்னுடையதை நேரில் பார்க்கக் கிடைத்தபோது அதில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது.

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. நானும் கணவரும் அச்சுவேலிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. பென்சன் எடுத்த பிறகு வீட்டில் சும்மா இருக்க இரண்டு பேருக்கும் முடியவில்லை. காணியில் வெங்காயம் போட்டோம். ஆஸ்பத்திரியால் வந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கதிரையில் இருந்து முதல் கேட்பது, “உங்களுக்கு எப்பிடி ரீச்சர் இது திரும்ப வந்தது?” என்பதுதான். நான் பதிலைத் தொடங்க, அவர்கள் தங்கள் பெரியப்பாவுக்கு வந்த ஹார்ட் அற்றாக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. என் வீட்டில் நடந்தது இந்தக் குடாநாட்டில் பல வீடுகளில் இப்போதும் நடந்துகொண்டிருக்கும்.

முதல் தடவை நெஞ்சு நொந்தபோது அஞ்சியோகிராம் செய்தார்கள். கை நாடிக்குள்ளால் மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை கொண்டுபோய், மை விட்டுப் படம் பிடிப்பது அது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் நாடியை நாங்கள் முடியுரு நாடி என்று படிப்பித்தோம். அதில் ஓர் அடைப்பு இருந்தது. அந்த இடத்தில் வலைபோன்ற ஒரு சிறு குழாயை விரித்துவிட்டார்கள். அதுதான் ஸ்ரென்ற். அதை வாங்கக் காசு அனுப்பியவள் என் தங்கச்சி வசந்தி.

வசந்தி ரொறன்ரோவில் இருக்கிறாள். அம்மா போனபோது அவளுக்கு இன்னும் பால்பல் விழவில்லை. நான்தான் தலை இழுத்துப் பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் கூட்டிப்போய், ஆமி வந்தபோது ஒரு கையில் அவளையும் மறுகையில் ஒரு உரப்பையையும் பிடித்துக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் சொல்லும். அது ஊரின் கணக்கு.

ஸ்ரென்ற் வைத்தவர்களுக்கு அந்த இடத்தில் இரத்தம் கட்டிபடாமல் இருக்க இரண்டு விதமான குளிசைகள் தருவார்கள். ஒன்றை ஒரு வருடத்தால் நிறுத்திவிட்டார்கள். மற்றது அஸ்பிரின், அதைச் சாகும்வரை போட வேண்டும். நான் அதை ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. விரத நாளிலும் போட்டேன், செத்த வீட்டுக்குப் போன நாளிலும் போட்டேன். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன திருவிழாவுக்கு வசந்தி வந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் சூட்கேஸ் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் விறாந்தையில் பாய் விரித்து, நடுவில் சூட்கேசை வைத்து, சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த அயலவர் எல்லாம் சுற்றி நிற்கத் திறந்தாள். சொக்லேற், சவர்க்காரம், சென்ற், தைலம், இவருக்கு இரண்டு சேட். எல்லாம் பங்கு பிரித்து முடிய, அடியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலை எடுத்து என் மடியில் வைத்தாள். கிலுக்கென்று சத்தம் போட்டது.

“உன்ரை முழங்காலுக்கு. நானும் இதைத்தான் போடுறனான் அக்கா,” என்றாள். “அங்கை கடையிலை பிஸ்கட்டுக்குப் பக்கத்திலை வைச்சு விக்கிறாங்கள். டொக்டரின்ரை துண்டும் தேவையில்லை.”

அவள் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். அவளுடைய முழங்காலும் என்னுடையது மாதிரித்தான், அம்மாவின் முழங்கால். குளிசையின் பெயர் இபுபுரொபன் என்று போத்தலில் எழுதியிருந்தது. பெயரை வாசித்தேன். வாசித்துவிட்டு, சென்ற் போத்தலோடும் சொக்லேற் டின்னோடும் அதையும் சோகேசுக்குள் வைத்தேன். கவுண்மேந்து ஆஸ்பத்திரி தருவது மருந்து. அது கிளினிக் பையில் இருக்கும். தங்கச்சி தந்தது சாமான். அது சோகேசில் இருக்கும். எங்கள் எல்லாருடைய வீட்டிலும் ஒழுங்கு இப்படித்தான்.

காலையில் தோட்டத்துக்கு இறங்க முன் தேத்தண்ணியோடு ஒன்று போட்டேன். மத்தியானம் வந்து சோற்றுக்கு முன் இன்னொன்று. சாப்பிட்டு முடிய, டொக்டர் சொன்னபடி அஸ்பிரின். முழங்கால் நோ போன இடம் தெரியவில்லை. குந்தி இருந்து புல்லுப் பிடுங்கினேன். “ரீச்சருக்கு இருபது வயசு குறைஞ்சு போச்சு,” என்று தோட்டத்துக்கு வரும் பெண்கள் பகிடி பண்ணினார்கள். அவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

விளைந்த வெங்காயத்தைக் கிண்டி எடுத்த நாளில் அது வந்தது. நெஞ்சு நோ என்று சொல்ல முடியாது. தாடையில் ஒரு உளைவு, தோளில் ஒரு பாரம், பிறகு உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. வெயில் என்று நினைத்து வரம்பில் இருந்தேன். எழும்ப முடியவில்லை. இவர் வந்து என் முகத்தைப் பார்த்தவர் ஓட்டோ பிடிக்க ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த நேர்ஸ் பிள்ளை கேட்டாள்: “அம்மா, குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை. ஒருநாளும் விடேல்லை.”

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்ற சிரிப்பு. நானும் வகுப்பில் அப்படிச் சிரித்திருக்கிறேன், வீட்டு வேலை செய்தேன், கொப்பியை மறந்துவிட்டேன் என்று சொன்ன பிள்ளைகளைப் பார்த்து.

திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பழைய ஸ்ரென்றுக்குள் இரத்தம் கட்டிபட்டு, குழாய் முற்றாக மூடியிருந்தது. அதை அன்றே திறந்துவிட்டார்கள். ஆனால் இதயத் தசைக்கு இரத்தம் இல்லாமல் பொறுத்திருக்கத் தெரியாது. நான் வெயில் என்று நினைத்துக்கொண்டு வரம்பில் இருந்த நேரத்துக்கு அது சாகத் தொடங்கிவிட்டது. செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. இதையும் படிப்பித்திருக்கிறேன்.

வார்ட்டில் கிடந்த நாட்களில் வந்த ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். ஒழுங்காகப் போட்டீர்களா? மறந்திருப்பீர்களோ? மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். இவர் வீட்டுக்குப் போய்க் கிளினிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் குளிசை அட்டைகளைக்கூட நான் எறியாமல் வைத்திருந்தேன். அதைப் பார்த்தும் ஒரு சின்ன டொக்டர், “அட்டை வெறுமையா இருக்கிறதுக்காகப் போட்டதெண்டு சொல்லேலாது,” என்றார். எனக்கு அழுகை வந்தது. நெஞ்சு நோவுக்கு வராத அழுகை அதற்கு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் வல்வெட்டித்துறைப் பக்கத்து ஒரு பெண். கணவர் கடற்றொழில். அவள் கையை எட்டி என் கட்டிலில் தட்டினாள். “ரீச்சர், நான் ஒரு மாசம் குளிசையே போடாமல் வந்து கிடக்கிறன். என்னை ஏசினது நியாயம். நீங்கள் போட்டிட்டும் ஏச்சு வாங்கிறியள். பேசாமல் போடேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் படுங்கோ.” சிரித்தேன். சிரிக்க நெஞ்சு நொந்தது.

இவருக்குச் சமையல் தெரியாது. ஆனாலும் விடியவே எழும்பி உப்பில்லாமல் சொதி வைத்து, கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டு பஸ்சில் வருவார். சொதி தண்ணீர் மாதிரி இருக்கும். ஒருநாள் என் தலை சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்து, சீப்பை எடுத்துத் தானே தலை இழுத்துப் பின்னிவிட்டார். பின்னல் இடது காதுக்கு மேல் வந்து முடிந்தது. வார்ட் முழுக்கச் சிரித்தது. அவர் வெட்கப்படவில்லை. அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

அசையாமல் கிடந்ததில் முழங்கால் நோ திரும்பி வந்தது. இவரிடம், “சோகேசிலை தங்கச்சி தந்த போத்தில் கிடக்கு, நாளைக்கு வரேக்கை எடுத்துக்கொண்டு வாங்கோ,” என்றேன். கொண்டுவந்து கட்டிலோரக் கபேட்டில் வைத்தார். நான் எடுத்துப் போட முன் பெரிய டொக்டர் வார்ட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெலிந்த, அதிகம் கதைக்காத பெண். என் கட்டிலைப் பார்க்கவில்லை. போத்தலைத்தான் பார்த்தார்.

“இது என்ன?”

“அது மருந்தில்லை டொக்டர்,” என்றேன். “தங்கச்சி தந்தது.”

எடுத்து வாசித்தார். “எவ்வளவு காலமாப் போடுறியள்?”

“அவள் வந்து போன நாள்தொட்டு.”

“மருந்தெல்லாம் கொண்டுவரச் சொன்னனாங்கள்தானே?”

இவர்தான் பதில் சொன்னார். “அது மருந்துப் பையிலை இருக்கேல்லை டொக்டர். சோகேசுக்குள்ளை இருந்தது.” அவருக்கு அது முழுமையான விளக்கமாக இருந்தது. எனக்கும்தான்.

டொக்டர் கதிரையை இழுத்து இருந்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். இரத்தத்தில் சிறுதட்டுக்கள் இருக்கின்றன. காயம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை நிறுத்துவது அவை. ஸ்ரென்றுக்குள்ளும் ஒட்டப் பார்க்கும். ஒட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும். அதைச் செய்வது சிறுதட்டுக்குள் இருக்கும் ஒரு நொதியம். அஸ்பிரின் போய் அந்த நொதியத்தின் குழிக்குள் இறுகிவிடும். அந்தச் சிறுதட்டு சாகும்வரை அந்த நொதியம் வேலை செய்யாது. என் இபுபுரொபனும் அதே நொதியத்தைத்தான் தடுக்கிறது, அதே குழிக்குள்தான் போகிறது. ஆனால் இறுகுவதில்லை. பஸ் சீற்றில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பதுபோல அது முதலே போய் இடத்தைப் பிடித்துவைத்தது. பின்னால் வந்த அஸ்பிரினுக்கு இருக்க இடமில்லை. இரத்தத்தில் கொஞ்ச நேரம் திரிந்துவிட்டு ஒன்றுக்கும் உதவாமல் அழிந்துபோனது. பிறகு மற்றதும் லேஞ்சியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. சிறுதட்டுக்கள் தங்கள் வேலையைத் தொடங்கின.

“அதோடை இந்த வகை நோக் குளிசை உடம்பிலை உப்பையும் தண்ணியையும் தேக்கும். இதய வருத்தக்காரர் கேட்காமல் போடவே கூடாது,” என்றார். எழும்பும்போது மெதுவாக, “நீங்கள் அஸ்பிரின் ஒழுங்காத்தான் போட்டிருக்கிறியள் ரீச்சர்,” என்றார்.

நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

நொதியமும் பூட்டும் திறப்பும் நான் விரும்பிப் படிப்பித்த பாடம். பிழையான திறப்பு பூட்டுக்குள் இருந்தால் சரியான திறப்பு நுழையாது என்று, என் வீட்டு அலுமாரித் திறப்பைக் கொண்டுபோய் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். ஒருநாளாவது அது என் இரத்தத்துக்குள்ளும் நடக்கும் என்று தோன்றவில்லை. படிப்பித்தது வேறு, தங்கச்சி கையால் வந்தது வேறு.

டொக்டர் போன பிறகு இவர் கொதித்தார். “எடும் போனை. என்ன செய்தவ எண்டு அவ தெரிஞ்சுகொள்ளட்டும்.”

“வேண்டாம். சொல்லாதையுங்கோ.”

“உம்மைக் கொல்லப் பார்த்திருக்கிறா!”

“அவள் ஆசையிலை தந்தவள். தெரிஞ்சால் செத்துப்போவாள். எனக்காகச் சொல்லாதையுங்கோ.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தார். அன்று வசந்தி எடுத்தபோது, வெங்காயம் கிண்டிய களையில்தான் நெஞ்சு திரும்ப நொந்தது என்றேன். “உனக்கென்ன விசரே, அந்த வெயிலுக்கை ஏன் போனனி?” என்று ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது. இது என்னோடு போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

பின்னேரம் பார்க்க வந்தவர்கள் எல்லாம் போய் வார்ட் அடங்கியபோது, அவள் போத்தலை மடியில் வைத்துச் சொன்னது காதில் கேட்டது. நானும் இதைத்தான் போடுறனான். வசந்திக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஸ்ரோக் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, அன்றே சரியாகிவிட்டது. அதற்கு அவளுக்குக் கொடுத்ததும் அஸ்பிரின்தான். நான் அவளுடைய மனதைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, அவள் அங்கே ஒவ்வொரு நாளும் அந்த இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

விடிய, அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், இவருடைய போனால் எடுத்தேன். என்னைப் பற்றிச் சொல்லாமல் சொல்லிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

“வசந்தி, அந்த முழங்கால் குளிசையை இண்டைக்கே நிப்பாட்டு. அஸ்பிரினோடை அது கூடாதாம். அஸ்பிரினை விடாதை, மற்றதைத்தான் விடு. உன்ரை டொக்டரிட்டைக் கேள்.”

“ஆர் சொன்னது?”

“இஞ்சை டொக்டர்.”

“உன்ரை டொக்டருக்கு என்ரை முழங்காலைப் பற்றி என்ன கதை?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அக்கா. நீயும் அஸ்பிரின்தானே போடுறனி.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நான் தந்ததைப் போட்டனியோ? அதாலையோ உனக்கு வந்தது?”

“நிப்பாட்டுறன் எண்டு சொல்லு.”

“அக்கா, அதாலையோ?”

“நீ நிப்பாட்டுறன் எண்டு முதல் சொல்லு.”

“நிப்பாட்டுறன்,” என்றாள். அவள் அதன்பிறகு போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். அம்மாவைக் கொண்டுபோன அன்று போட்ட சத்தம் அது.

தோட்டத்துப் பெண்களுக்கும் இவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் குளிசைகளை வாங்கிக்கொண்டு வந்தார். அவர்களில் யாரும் அஸ்பிரின் போடுகிறவர்கள் இல்லை. அந்த அளவுக்குத் தப்பினேன்.

வீட்டுக்கு விடும்போது என் கையில் பெரிய பை நிறையக் குளிசை. அதில் ஒன்றும் ஒரு நொதியத்தைத் தடுப்பதுதான். இரத்தக் குழாய்களை இறுக்கும் பொருளைச் செய்கிற நொதியம் அது. அதைத் தடுத்தால் குழாய்கள் தளரும், மிச்சமுள்ள இதயத்துக்குப் பாரம் குறையும். அதற்குக் கூலியாக ஒரு வறட்டு இருமலைத் தருகிறது. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். விடிய நிறை பார்க்க வேண்டும், கூடினால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். கிணற்றடிக்குப் போய் வந்தால் கட்டிலில் இருந்து மூச்சை எடுக்க வேண்டும். ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிவதில்லை, நடுவில் காற்று முடிந்துவிடும். “இனி இது பழையபடி வருமோ டொக்டர்?” என்று கடைசி ஸ்கானில் கேட்டேன். “இருக்கிறதை வைச்சுப் பாப்பம் ரீச்சர்,” என்றார். வெங்காயக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.

வசந்தி ஒவ்வொரு நாளும் எடுத்தாள். முன்பு நாங்கள் கதைப்பதென்றால் ஊர்க்கதை முழுக்க அடிபடும். யார் வீட்டில் கலியாணம், யார் யாரோடு கோபம், யாருடைய சீலை சாயம் போனது. இப்போது அவள் கேட்பது கால் வீங்கியிருக்கா, இருமல் எப்படி, நிறை என்ன என்பவை மட்டும். நேர்ஸ் பிள்ளைகளிடம் சொல்வதுபோல நானும் பதில் சொன்னேன். நான் பகிடி சொன்னால் சிரிக்கப் பயப்பட்டாள். கோபத்தில் என்னை ஒருதரம் ஏசினாளென்றால் போதும் என்று கிடந்தேன். ஏசவில்லை.

நேற்று விடிய எடுத்தாள். வழக்கமான கேள்விகள் முடிந்த பிறகு கேட்டாள்:

“அக்கா, நான் ஒருக்கா வரட்டோ?”

இந்த வீட்டுக்கு வர அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ரிக்கற் போட்ட பிறகுதான் சொல்வாள். ஒருமுறை கட்டுநாயக்கா எயார்போட்டில் இறங்கிய பிறகு சொன்னாள். அவள் பிறந்த வீடு. வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் கிணற்றடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். காற்று வரவில்லை. இருமினால் அவள் பயப்படுவாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன். போன் காதில்தான் இருந்தது. அங்கே அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

“சரி அக்கா,” என்றாள். “எனக்கு விளங்குது. நீ ஆறுதலா இரு.”

நான் ‘வா’ என்று சொன்னபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. திரும்ப எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இவருடைய போனிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன். பிறகு வாட்ஸ்அப்பில், “வா வசந்தி, கெதியா வா,” என்று எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டாள். கன நேரத்துக்குப் பிறகு பதில் வந்தது: “எனக்காக வா எண்டு சொல்லாதை அக்கா. நான் குறை நினைக்கேல்லை.”

“நடந்ததைச் சொல்லி எழுதுமன்,” என்கிறார் இவர்.

நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று எழுத வேண்டுமென்றால், மூச்சு வரவில்லை என்று எழுத வேண்டும். மூச்சு ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். நேற்றிலிருந்து எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.